எண்ணெய் வாய்க்குப் பொட்டு

"சாவியக் கொடுங்க, பாஸ்."

கேட்டே விட்டாள் திலகா.

யோகேந்திரன் தே தாரே தேநீர்க் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி அப்படியே நின்றார். சுங்கை பட்டாணியில் டீசல் வண்டி மக்கர் செய்தால் அவர் பட்டறைக்குத்தான் கொண்டு போவார்கள். பட்டறையின் சட்டங்கள் எல்லாம் அவர் வாயில் பிறந்தவை. திலகாவுக்கு முதல் நாள் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "தங்கச்சி, போன் எடு, கார்டு எழுது, கஸ்டமருக்கு மைலோ கலக்கிக் குடு. காடிச் சாவிய மட்டும் எப்பவும் கேட்டுடாத." அந்தப் பக்கம் வண்டிக்குப் பேர் காடி.

அதை வீட்டில் சொன்னபோது அம்மாவும் பாஸ் பக்கமே சேர்ந்துகொண்டாள். "ஆறு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருடி. வேல நிரந்தரமாவட்டும்."

பொத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆறு மாதம் கவுன்டர், அதற்கப்புறம் உள்ளே வண்டி வேலை என்று யோகேந்திரன் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் இயந்திரப் பொறியியலில். பட்டமளிப்புக்கு மாமா கொடுத்த பணத்தில் இரும்பு நுனி வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்து கவுன்டருக்கு அடியில் பெட்டியோடு வைத்திருந்தாள். இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. காலையில் யோகேந்திரன் சிரித்த முகத்தோடு நீட்டிய கடிதத்தில் 'வாடிக்கையாளர் சேவை அதிகாரி' என்று போட்டிருந்தது. அதாவது, கவுன்டர். அதாவது, சாகும்வரை மைலோ.

"எந்தச் சாவி?" என்றார் யோகேந்திரன்.

"காளிதாசன் அண்ணன் வேன் சாவி."

"அது எதுக்கு ஒனக்கு?"

"ஓட்டிப் பாக்க. ஓடும்போது நின்னு போவுற காடிய நிக்க வச்சே பாத்துக்கிட்டிருந்தா என்னா தெரியும்?"

லாரிக்கு அடியிலிருந்து தலைமை மெக்கானிக் பழனியாண்டியின் குரல் மட்டும் வந்தது. "டிகிரிய சுருட்டி டேங்குல போட்டுப் பாருங்க பாஸ், அதுலயே ஓடிரும்."

பட்டறையே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காளிதாசன்தான். புக்கிட் செலம்பாவிலிருந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற ஐந்து நோயாளிகளை வாரம் மூன்று நாள், விடியற்காலையில், சுங்கை பட்டாணி சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவந்து விடுகிறவர். ஆறு வாரத்தில் மூன்று தடவை அவர் வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. முதல் தடவை டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். இரண்டாம் தடவை குழாய்களை மாற்றினார்கள். இன்று பழனியாண்டி பம்பு என்று சொல்லிவிட்டார்.

"ஸ்கேனரும் சொல்லிருச்சி, பழனியும் சொல்லிட்டான்" என்றார் யோகேந்திரன். "பன்னண்டு மணிக்குள்ள கே.எல்.லுக்கு ஆர்டர் போட்டாகணும். பம்பு வர ஒரு வாரம் ஆவும். நீ போயி கார்ட எழுது."

"டீசல் பிரெஷர் கொறச்சல்னுதான் ஸ்கேனர் சொல்லுது. ஏன் கொறச்சல்னு சொல்லல. காய்ச்சல்னு தெர்மாமீட்டர் சொன்னா தலைய மாத்திருவீங்களா?"

பழனியாண்டி லாரிக்கு அடியிலிருந்து வழுக்கி வெளியே வந்தார். "ஏம்மா, காடிக்காரரே வந்ததும் சொன்னாருலா, எஞ்சின் மாத்தின்னு?"

"அவரு மாத்தின்னு மலாய்ல சொன்னாருண்ணே. செத்துப் போச்சுன்னு அர்த்தம். ஒங்களுக்குத் தமிழ்ல மாத்துன்னு கேட்டுருச்சி. ஒங்க காதுக்கு எதச் சொன்னாலும் மாத்துன்னுதான் கேக்கும்."

காளிதாசன் பக்கென்று சிரித்துவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

திலகா மூன்று கார்டுகளைக் கவுன்டர் மேல் வரிசையாக வைத்தாள். வண்டி உள்ளே வரும்போது கவுன்டரில் எழுதுகிற கார்டு. அதில் பாதி நிலா மாதிரி ஒரு படம் இருக்கும். டேங்கில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் முள் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். என் எண்ணெயை உறிஞ்சிவிட்டீர்கள் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் அதன் உபயோகம். கோடு போட்ட ஆளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை. கோடு போட்டது அவள்.

"மூணு தடவையும் பாருங்க. டேங்கு முழுசா இருக்கு. அண்ணே, எண்ண ஊத்தாத நாள்ல காடி நின்னிருக்கா?"

காளிதாசன் கண்ணை மூடி யோசித்தார். "இல்லையே தங்கச்சி. ஊத்துன அன்னிக்குத்தான் நிக்கும். ஸ்டேஷன்ல எண்ண சரியில்லன்னு நான் மூணு ஸ்டேஷன் மாத்திட்டேன்."

"பயோடீசல்" என்றார் பழனியாண்டி. "பாமாயிலக் கலந்து ஊத்துனா பம்பு என்னாத்துக்கு ஆவும்?"

"அப்ப பாதி டேங்குல இருக்கும்போது மட்டும் அதே பாமாயில் நல்ல பாமாயில் ஆயிருமா?"

பழனியாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கேட்ட அவளுக்கே பதில் தெரியாது. ஆனால் தெரியாது என்று தெரிகிறதே, அந்த அளவுக்காவது தெரிந்தவள் இந்தப் பட்டறையில் தான் ஒருத்திதான் என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

காளிதாசன் எழுந்தார். "பாஸ், காடி என்னோடதுலா. சாவிய இந்தப் புள்ள கையில குடுங்க. ஒரு வாரம் காடி இங்க படுத்துக்கிட்டா என் அஞ்சு பேரும் எதுல போவாங்க? ஒரு தடவ தவறுனாலே அவங்களுக்குக் காலு வீங்கிரும்."

யோகேந்திரன் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தார். உடனே கொடுக்கவில்லை, விரலில் மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார். "பன்னண்டு மணி. ஒரு நிமிஷம் தாண்டுனாலும் பம்பு ஆர்டர் போயிரும். நீயும் லெட்டர்ல சைன் வச்சிட்டு இந்தக் கவுன்டர்ல ஒக்காந்துருவ. அதுக்கப்புறம் உள்ள வேல, போல்ட்டு, நட்டுன்னு பேச்சே வரக்கூடாது. சரியா?"

"கண்டுபிடிச்சிட்டா?"

"மொதல்ல கண்டுபிடி."

அவள் குனிந்து கறுப்புக் குதிகால் செருப்பைக் கழற்றினாள். பெட்டியைத் திறந்து பூட்ஸை மாட்டினாள். புதுத் தோல் கணுக்காலைக் கடித்தது. மணி பத்து இருபது.

*

பீடோங் சாலையில் இருந்த ஸ்டேஷனில் டேங்க் நிரம்பி வழிகிற மட்டும் ஊற்றினார்கள். ஸ்டேஷன் ஆளே ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுப் போனான். வேன் வடக்கே குருண் பக்கம் ஓடியது. இடது பக்கம் ஜெராய் மலை, தலையில் மேகத்தை வைத்துக்கொண்டு கூடவே வந்தது.

"அண்ணே, எப்படி நிக்கும்னு சொல்லுங்க. சுவிச்ச அணைச்ச மாதிரியா?"

"சேச்சே, அப்படி இல்ல தங்கச்சி. மூச்சு முட்டும். மொதல்ல ஒரு இழுப்பு. அப்புறம் தொண்டைய அடைச்சாப்புல ரெண்டு குலுக்கு. அப்புறம்தான் மாத்தி. அர மணி நேரம் சும்மா விட்டா தானா எந்திரிச்சிக்கும். எங்க பரஞ்சோதி வாத்தியாரு, அவரும் என் அஞ்சு பேர்ல ஒருத்தரு, 'காளி, ஒன் காடிக்கும் ஒரு பெட்டு போடச் சொல்லுடா, என் பக்கத்துலயே படுக்கட்டும்'பாரு."

"இத ஏன் நீங்க மொதல்லயே சொல்லல?"

"சொன்னேன்லா. நீதான் கார்டுல 'எஞ்சின் ஸ்டால்'னு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. கட்டம் சின்னதுன்ன."

சுருக்கென்று தைத்தது. பழனியாண்டியின் காதைக் கேலி செய்தவள் தன் காதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள்தான் வைத்திருந்தாள். ஓட்டியபடியே அவர் சொன்னதை மனதுக்குள் திருப்பினாள். மூச்சு முட்டும். அரை மணி நேரம் விட்டால் எழுந்துகொள்ளும். ஃபில்டர் புதிது, குழாய் புதிது. செத்துக்கொண்டிருக்கிற பம்பு டேங்க் நிரம்பிய நாளை மட்டும் பார்த்துச் சாகுமா?

வேன் நிற்கவில்லை. பீடோங் தாண்டியது, நிற்கவில்லை. பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மேடேறி குருண் போய்ச் சேர்ந்தது, இருமல்கூட இல்லை. மணி பத்தே முக்கால்.  ஆறு வாரமாக நிற்கிற வண்டி, நில் என்று ஆசைப்படுகிறபோது ஓட்டப்பந்தயக் குதிரை மாதிரி ஓடுகிறது. வண்டியைத் திருப்பினாள். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாள்.

"தங்கச்சி, மெதுவாலா."

"எண்ண குடிக்கட்டும்ணே. நல்லாக் குடிக்கட்டும்."

குருணிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் இறங்கியிருப்பார்கள். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தமாதிரி ஓர் இழுப்பு. பிறகு இரண்டு குலுக்கு. பிறகு, எதுவுமில்லை. டயர் சத்தம் மட்டும் கேட்டது. வேனைச் செம்பனை ஓரமாக உருட்டி நிறுத்தினாள்.

"நின்னிருச்சி!" என்று கத்தினாள். தன் வண்டி நின்றுபோனதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டதைக் காளிதாசன் அன்றுதான் பார்த்தார்.

"சாவியத் திருவாதீங்க. எதையும் தொடாதீங்க" என்றபடி இறங்கி ஓடினாள். எஞ்சினை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. ஃபில்டரிலிருந்து பம்பு வரை பார்த்தாகிவிட்டது. ஒருவரும் பார்க்காத ஒரே இடம், எல்லாவற்றுக்கும் முதல் இடம். டேங்கின் கதவைத் திறந்தாள்.

மூடியைக் காணோம். மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தன உருண்டை இருந்தது. விரல் கனத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், அதன் மேல் பழைய குங்குமத்தின் கறுப்பு, அதற்கும் மேல் புதிய சந்தனம். எண்ணெய் ஊற்றுகிறவன் பிடித்துத் திருகிய இடத்தில் மட்டும் விரல் தடம் பளபளத்தது.

"அண்ணே, இது என்னா?"

"பொட்டுலா" என்றார் காளிதாசன், பொட்டைத் தெரியாத தமிழச்சியா என்கிற பார்வையோடு. "ஆயுத பூச அன்னிக்கு ஆரம்பிச்சது. விளக்கு ரெண்டுக்கும் வப்போம், ஸ்டீயரிங்குக்கு வப்போம், எண்ண வாய்க்கும் வப்போம். எண்ண வாய்க்கு வச்சாத்தான் டேங்கு வத்தாது. எங்க வீட்டுல ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் தவறாம வைக்கும்."

திலகா மூடியைப் பிடித்தாள். காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். திருகினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமாக, ஆழமாக, தண்ணீருக்கடியில் பிடித்து வைத்திருந்த தலை மேலே வந்து இழுக்கிற மாதிரி, டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. காளிதாசனுக்கே கேட்டது. அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய், பாதியில் நின்றது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

"அர மணி நேரம்..."

"பண்ணுங்கண்ணே!"

ஒரே திருகு. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவள் வேனின் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் ஒரு தடவை நடந்ததைக் கொண்டுபோய்ப் பழனியாண்டியின் முன்னால் வைக்க முடியாது. அதே மூடியை இறுக்கமாகத் திருகி மூடிவிட்டு, குருண் பக்கமே திருப்பி மறுபடி விரட்டினாள். நின்றது. திறந்தாள். ஸ்ஸ்ஸ். உடனே பிடித்தது. மூடியைத் தொளதொளவென்று வைத்து ஓட்டினாள். அதே தூரம், அதே வேகம். நிற்கவில்லை.

நிழல் பார்த்து ஓரம்கட்டினாள். தலையிலிருந்து கொண்டையூசியை உருவி, மூடியின் கைப்பிடிக்கு அடியில் இருந்த துளையைக் குத்தத் தொடங்கினாள்.

"இது மூடி மட்டும் இல்லண்ணே, இதுதான் டேங்குக்கு மூக்கு. எண்ண வெளிய போவப் போவ, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலன்னா உள்ள இழுத்துப் புடிச்சிக்கும், பம்பால உறிஞ்ச முடியாது. டேங்கு பாதியா இருந்தா உள்ளயே நெறையக் காத்து இருக்கு, சமாளிச்சிக்கும். நெறஞ்சிருந்தா காத்துக்கு எடமே இல்ல, சீக்கிரம் முட்டிரும். அர மணி நேரம் விட்டா, இந்தச் சந்தனத்துல எங்கயோ ஒரு கீறல் வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்துரும். நீங்க மொதல் நாளே சரியாத்தான் சொன்னீங்க. மூச்சுதான் முட்டுது."

காளிதாசன் போனை எடுத்து மனைவியை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"இராசாத்தி, எண்ண வாய்க்குப் பொட்டு வச்சியே, எவ்ளோ வச்ச?"

"ஏன், காடி மறுபடி நின்னிருச்சா? நான் சொன்னேன்லா, யாரோ கண்ணு வச்சிட்டாங்க. நிக்க ஆரம்பிச்சதுலருந்து நான் ரெண்டு மடங்கு வைக்கிறேன். உதிருதுன்னு நல்லெண்ண விட்டுக் கொழச்சி நல்லா அமுக்கி வச்சேன். ஓட்ட ஒடசல்ல எல்லாம் போவட்டும்னு."

திலகா சிரிப்பை அடக்க முடியாமல் வேனின் பக்கம் சாய்ந்துகொண்டாள். "அக்கா, நான் பட்டறையிலருந்து பேசுறேன். ஒங்க பொட்டு நல்ல பொட்டுதான். ஆனா காடி மூக்குல வச்சி அடச்சிட்டீங்க."

"மூக்கா? காடிக்கு எங்கம்மா மூக்கு?"

"எண்ண வாய்க்குப் பக்கத்துலதான். இனிமே பொட்ட டேங்கு கதவுக்கு வெளிய வைங்கக்கா. உள்ள வேணாம்."

 சின்னக் குரலில், "அப்ப நான் வைக்க வைக்கத்தான் நின்னுச்சா?" என்று கேட்டாள் இராசாத்தி.

"ஒனக்கு என்னா தெரியும், விடு" என்றார் காளிதாசன். "பெரிய மெக்கானிக்குக்கே தெரியல. சாயங்காலம் வர்றேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் திலகாவின் பூட்ஸைப் பார்த்தார். செம்பனை ஓரத்துச் சேறு பட்டு இப்போதுதான் அது பூட்ஸ் மாதிரி இருந்தது.

"தங்கச்சி, செலம்பாவ்ல நாங்க வேன்காரங்க பதினேழு பேரு, ஒரு வாட்ஸாப் குரூப்பு வச்சிருக்கோம். ஸ்கூல் வேனு, ஃபேக்டரி வேனு. வாரம் ஒரு காடி படுத்துக்குது. ஒரு எடத்துல பம்புங்கிறான், இன்னொரு எடத்துல இன்ஜெக்டர்ங்கிறான். எங்க யாரையும் பக்கத்துல ஒக்கார வச்சி, எப்படி நின்னுச்சின்னு எவனும் கேட்டதில்ல. என் வீட்டுக்குப் பின்னால தகரம் போட்ட எடம் இருக்கு. சனிக்கெழம வந்து ரெண்டு காடி பாப்பியா?"

துளை திறந்துவிட்டது. மூடியை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. வாயை வைத்து ஊதினாள். காற்று போனது. நல்லெண்ணெயும் டீசலும் கலந்த கசப்பு உதட்டில் ஒட்டியது.

"வர்றேன்" என்றாள். சனிக்கிழமைக்கு மட்டும் சொன்ன பதில் அல்ல அது. அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை.

*

பட்டறைக்குள் வேன் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. யோகேந்திரன் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். திலகா மூடியைப் பழனியாண்டியின் உள்ளங்கையில் வைத்து, எங்கே, எத்தனை தடவை, எப்படி நின்றது என்று சொன்னாள். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. நகத்தால் சந்தன மிச்சத்தைச் சுரண்டினார். அவரும் ஊதிப் பார்த்தார்.

"இருவத்திரெண்டு வருஷம்" என்றார் கடைசியில். "ஆயிரம் மூடி தெறந்திருப்பேன். டேங்க நான் பாக்கவே இல்ல, பாஸ். பம்பு வேணாம்."

அவர் அப்படி எல்லார் முன்னாலும் சொல்வார் என்று திலகா எதிர்பார்க்கவில்லை. அவர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கெட்டிக்காரிலா நீ!" யோகேந்திரன் கை தட்டினார். உண்மையாகவே சந்தோஷம்தான், முகம் மலர்ந்திருந்தது. "சரி, கார்ட முடி. கண்டுபிடிச்சது யாருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல பழனி பேரப் போட்டுரு."

"ஏன்?"

"என்னம்மா ஏன்? கஸ்டமருக்கு நம்பிக்க வரணும்லா. பொம்பளப் புள்ள பேரு இருந்தா கஸ்டமர் என்னா நெனப்பான்?"

"நான்தான பாஸ் கஸ்டமர்?" என்றார் பின்னாலிருந்து காளிதாசன்.

யோகேந்திரன் சிரித்துச் சமாளித்தார். "அண்ணே, நான் பொதுவாச் சொல்றேன். திலகா, இங்க பாரு, நான் ஒன்னய மறக்க மாட்டேன். இப்ப லெட்டர்ல சைன் போடு. கவுன்டர்லயே இரு, சிக்கலான காடி வந்தா கூப்புடுறேன், வந்து பாரு. அடுத்த வருஷம் உள்ள எடுக்கிறதப் பத்திப் பேசலாம். சம்பளம் கூட்டித் தர்றேன்."

இதே வார்த்தையை நேற்று சொல்லியிருந்தால் அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டிருப்பாள். அம்மாவுக்குப் போன் பண்ணியிருப்பாள். இன்று, கேட்கிறபோதே, அது யாருக்கோ சொல்கிற மாதிரி இருந்தது. முடிவைச் செம்பனை ஓரத்திலேயே எடுத்தாகிவிட்டது. இங்கே வந்தது சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

கார்டை எடுத்தாள். குறை என்னும் சின்னக் கட்டத்தில் 'எஞ்சின் ஸ்டால்' என்பதை அடித்துவிட்டு, கட்டத்தைத் தாண்டி ஓரம் முழுக்க, காளிதாசன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். மூச்சு முட்டும், ஓர் இழுப்பு, இரண்டு குலுக்கு, டேங்க் நிரம்பிய நாளில் மட்டும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் 'திலகா சீனிவாசகம்' என்று எழுதினாள். அப்பா பேர் நீளம். கோட்டுக்கு வெளியே போனது. போகட்டும்.

கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். சாவியைக் காளிதாசனிடம் நேராகக் கொடுத்தாள்.

"கோவத்துல போவாத" என்றார் யோகேந்திரன். அவர் குரல் இறங்கியிருந்தது. "எங்கதான் போவப்போற?"

"கோவம்தான் பாஸ். ஆனா அதனால போவல. செலம்பாவ்ல பதினேழு காடி இருக்கு."

கவுன்டர் போன் அடித்தது. ஆறு மாதப் பழக்கத்தில் யோகேந்திரன் அவளைப் பார்த்தார். பழனியாண்டியும் பார்த்தார். மூன்றாவது மணி, நான்காவது மணி.

"எடுங்க, பாஸ்" என்றாள். "எப்படி நின்னுச்சின்னு கேளுங்க. கட்டம் பத்தாட்டி ஓரத்துல எழுதிக்கலாம்."

குதிகால் செருப்பு கவுன்டருக்கு அடியிலேயே கிடந்தது. வெள்ளை டைல்ஸ் மேல் சேற்றுத் தடம் பதிய, தன் மோட்டார் சைக்கிள் நின்ற வெயிலை நோக்கி அவள் வெளியே நடந்தாள்.